ஒரே காலை, இரண்டு சுகர் ரிப்போர்ட்

சித்தப்பா இரண்டு காகிதங்களை மேசைமேல் போட்டார். ஒரே தேதி, ஒரே ஆள், வெறும் வயிறு. வீட்டுப் பக்கத்து லேப் 118 என்கிறது. அரை மணி நேரம் கழித்து பஸ் ஸ்டாண்டு அருகே இன்னொரு லேபில் கொடுத்த ரத்தம் 127 என்கிறது. நடுவில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். “இதுல எதுடா நிஜம்?” பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

9 மில்லிகிராம் வித்தியாசம் சாதாரணமாக யார் கண்ணிலும் படாது. 82க்கும் 91க்கும் நடுவில் இருந்திருந்தால் அவர் இரண்டாவது லேப் பக்கமே போயிருக்க மாட்டார். ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு கோடு ஓடுகிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126 தொட்டால் சர்க்கரை நோய். அந்தக் கோடும் இயற்கை கிழித்ததில்லை. 1997 வரை அது 140ல் இருந்தது. கண் பாதிப்பு எந்த அளவிலிருந்து தலைகாட்டுகிறது என்பதையெல்லாம் பார்த்து அமெரிக்க நிபுணர் குழு 126க்கு இறக்கியது. ஆக, ஒரு லேபின்படி சித்தப்பா எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். இன்னொரு லேபின்படி நோயாளி.

இரண்டு லேபும் சரியாகவே வேலை பார்த்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எப்படி என்று விளக்க, முதலில் லேபில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

லேபில் யாரும் சர்க்கரையை நேரடியாக எடை போடுவதில்லை. நாங்கள் அளப்பது நிறத்தை. நம் ஊர் லேப்களில் பரவலாக இருக்கும் முறையை ‘காட்-பாட்’ என்போம்; குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகளின் சுருக்கம். ரத்தத்தைச் சுழற்றி, செல்களைக் கீழே படிய வைத்து, மேலே தெளியும் வைக்கோல் நிறத் திரவத்தில் 10 மைக்ரோலிட்டர் எடுக்கிறோம். அந்த நொதிகள் கலந்த 1,000 மைக்ரோலிட்டர் கரைசலில் (ரீஏஜென்ட் என்போம்) அதை விட்டு, 37 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கிறோம். முதல் நொதி குளுக்கோஸைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இரண்டாவது நொதி அந்தப் பெராக்சைடைக் கொண்டு, ரீஏஜென்ட்டில் நிறமில்லாமல் கிடக்கும் இரண்டு பொருட்களை ஒட்ட வைக்கிறது. டியூப் மெல்ல ரோஸ் நிறமாகிறது. சர்க்கரை கூடக்கூட நிறமும் அடர்த்தி. 300, 400 சுகர் உள்ளவரின் டியூப் ரோஸ்மில்க்கைத் தாண்டி நன்னாரி சர்பத் பக்கம் போய்விடும். இயந்திரத்தில் வைக்கும் முன்பே கண்ணால் சொல்லிவிடலாம்.

அந்த நிறத்தின் ஊடே 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று இயந்திரம் பார்க்கிறது. அடர்த்தி இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்கும் என்ற விதியை நம்பித்தான் இந்தத் தொழிலில் பெரும்பகுதி நிற்கிறது. 1729ல் புகே தொடங்கி, 1760ல் லாம்பர்ட் தொடர்ந்து, 1852ல் பியர் கரைசல்களுக்குப் பொருத்தி முடித்த விதி அது. பாடப் புத்தகம் பியர்-லாம்பர்ட் விதி என்கிறது. பாவம், முதல் ஆளைத்தான் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் கணக்கு. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ளது என்று முன்கூட்டியே தெரிந்த ஸ்டாண்டர்ட் ஒன்றையும் இதே போல ஓட்டியிருப்போம். அதன் உறிஞ்சல் 0.280, நம் சாம்பிளுடையது 0.330 என்றால், 0.330ஐ 0.280ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டியதுதான். 117.86 வரும். ரிப்போர்ட்டில் 118.

இப்போது அந்த 10 மைக்ரோலிட்டருக்கு வருவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு இது. பைப்பெட் நுனியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஈரத்தைத் துடைக்காமல் ரீஏஜென்ட்டில் முக்கினால், அதுவும் சேர்ந்து உள்ளே போகும். முக்கால் மைக்ரோலிட்டர் கூடுதலாகப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 10க்கு அது ஏழரை சதவீதம். 118 அங்கேயே 127 ஆகிவிடும்.

இந்தக் கைப்பிழையைக் குறைக்கத்தான் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. லெனர்ட் ஸ்கெக்ஸ் என்ற அமெரிக்கர் 1950களில் வடிவமைத்து, 1957ல் டெக்னிக்கான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோ அனலைசரில், ஒரே குழாய்க்குள் சாம்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி போல ஓடும். ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க இடையிடையே காற்றுக் குமிழிகள். இன்றைய இயந்திரங்கள் அந்த முறையில் ஓடுவதில்லை. ஆனாலும் மனிதக் கையை நடுவிலிருந்து எடுத்துவிடும் எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

முறை மாறினாலும் எண் மாறும். காட்-பாடுக்கு முன்பு ஃபோலின்-வூ முறை இருந்தது. செம்பு உப்பை ஒடுக்கும் எதையும் அது சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடும்; அதனால் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். காட்-பாட் சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கிறது. ஆனால் நரம்பு வழியாக வைட்டமின் சி நிறைய ஏற்றிய ஆளின் ரத்தத்தில், அந்த வைட்டமின் பெராக்சைடைத் தின்றுவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். கிட்னி டெஸ்ட் என்று நாம் சொல்லும் கிரியாட்டினினுக்கு இன்னும் பல இடங்களில் ஓடுவது, மாக்ஸ் யாஃபே 1886ல் கண்டறிந்த வினைதான்: காரத்தில் பிக்ரிக் அமிலம், ஆரஞ்சு நிறம். மலிவு, எளிது, அதனால் சாகாமல் இருக்கிறது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்தவருக்கு இதே வினை கிட்னி கெட்டுப்போனது போலக் காட்டும். கீட்டோனும் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து நிறம் தரும். நொதியைக் கொண்டு அளக்கும் முறை இதைவிட நம்பகமானது, விலையும் அதிகம். எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பல லேப்கள் ரிப்போர்ட்டின் மூலையில் சின்ன எழுத்தில் போடுகின்றன. எண்ணைப் பார்க்கிற யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் இயந்திரத்துக்குள் நடக்கும் கதை. என் அனுபவத்தில் தவறு அதிகம் நடப்பது அதற்கு முன்னால், ஊசி ஏறும் நேரத்துக்கும் சாம்பிள் லேபுக்கு வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே.

ரத்தம் டியூபுக்குள் வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுக்கள் வழக்கம்போலச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சுழற்றிப் பிரிக்காமல் அறைச் சூட்டில் விட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். இதை வைத்து சித்தப்பாவின் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவருடைய உண்மையான அளவு 127ஆக இருந்து, முதல் லேபில் எடுத்த டியூப் ஒரு மணி நேரம் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தால், 118 என்று வருவதில் ஆச்சரியமே இல்லை. வீட்டுப் பக்கத்தில் இருந்தது உண்மையில் ரத்தம் எடுக்கும் மையம் மட்டும்தான். அங்கிருந்து பையன் பைக்கில் பெரிய லேபுக்குக் கொண்டுபோவான், பத்துப் பேர் சேர்ந்த பிறகு.

இதற்காகத்தான் சுகருக்குச் சாம்பல் நிற மூடி டியூப். உள்ளே இருக்கும் சோடியம் ஃபுளோரைடு, செல்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்தும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மைதான், ஆனால் உடனே நிறுத்தாது. சர்க்கரையை உடைக்கும் பத்துப் படிகளில் ஒன்பதாவது படியில் உள்ள நொதியைத்தான் ஃபுளோரைடு முடக்குகிறது. கடைசி மதகை அடைத்த வாய்க்கால் போல, மேலே உள்ள படிகள் நிரம்பும் வரை சர்க்கரை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இழப்பு இருக்கத்தான் செய்யும். அதன் பிறகு எண் அப்படியே நிற்கும். ஐஸில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிடுவதே நல்ல வழி. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வரும் சாம்பிளுக்கு இதெல்லாம் கிடைக்கிறதா என்று கேட்காதீர்கள்.

பொட்டாசியத்தின் கதை இன்னும் மோசம். செல்லுக்கு வெளியே ரத்தத்தில் அது லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருக்கும், செல்லுக்குள்ளே 140 அளவில். மெல்லிய ஊசியில் வலுக்கட்டாயமாக இழுத்தாலோ, சிரிஞ்சிலிருந்து டியூபுக்கு அழுத்திப் பீய்ச்சினாலோ, டியூபைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்தது வெளியே கொட்டும். சுழற்றிய பிறகு மேல் திரவம் வைக்கோல் நிறமாக இல்லாமல் சிவந்திருந்தால் ‘ஹீமோலைஸ் ஆயிடுச்சு’ என்று ஒதுக்கிவிடுவோம். “கையை மூடித் திறங்க, மூடித் திறங்க” என்று நரம்பு தேடுகிறார்களே, அதுவும் தப்பு. ரப்பர் பட்டை கட்டிய கையின் தசைகள் வேலை செய்யும்போதே பொட்டாசியத்தை வெளிவிடும். ஒரு மில்லிமோல் வரைகூட ஏறிவிடும், செல் எதுவும் உடையாமலே.

ஒருமுறை வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 8.2. 5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 8 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். திரும்ப ஓட்டினேன், அதே 8.2. மேல் திரவத்தில் சிவப்பே இல்லை. போனைக் கையில் எடுத்துவிட்டு, கூட வந்த கால்சியத்தைப் பார்த்தேன். 4.6. எட்டரைக்குக் குறையக் கூடாத கால்சியம் அந்த அளவுக்கு விழுந்த ஆளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டு வலிப்பே வந்திருக்க வேண்டும். வார்டுக்குப் போன் போட்டால், அவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த டெஸ்ட்களுக்கான சிவப்பு மூடி டியூபுக்கு ரத்தம் போதவில்லை. ஊதா மூடி டியூபில் கொஞ்சம் அதிகம் இருந்ததால் அதிலிருந்து ஊற்றிச் சமன் செய்திருக்கிறார்கள். ஊதா டியூபில், ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பது பொட்டாசியம் இடிடிஏ. பொட்டாசியத்தை அது தானே கொடுக்கும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் இப்படி எதிரெதிராக ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஊதா டியூபைத்தான். இயந்திரம் அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. டியூபில் இருந்ததை அப்படியே அளந்து கொடுத்தது.

சரி, இயந்திரத்தை எப்படி நம்புவது? இங்கே ஒரு சொல் சிக்கல். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘துல்லியம்’ என்று எழுதிவிடுகிறோம். லேபில் அது இரண்டு வேறு குணம். ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு 50 கிராம் குறைவாக நிறுக்கும் கறிக்கடைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிறுத்தாலும் ஒரே எண்தான். மாறாமை அதில் இருக்கிறது, சரியான எடை இல்லை. இன்னொரு தராசு ஒருமுறை 40 கூட்டும், ஒருமுறை 40 குறைக்கும். சராசரி சரி, ஒரு தடவையை மட்டும் நம்ப முடியாது. லேப் இயந்திரத்துக்கு இந்த இரண்டு வியாதியும் வரும். மருந்தும் வேறு வேறு.

முதல் வியாதிக்குக் கேலிபரேஷன். கடைத் தராசின் படிக்கல்லை முத்திரைக்குக் கொண்டுபோவது போல, நாங்கள் ஓட்டும் ஸ்டாண்டர்டின் மதிப்பு அதைவிட உயர்ந்த ஒன்றோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கப்பட்டது, அது இன்னும் உயர்ந்த ஒன்றோடு. இந்தச் சங்கிலியின் மேல்முனையில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் உறைநிலையில் வைத்து விற்கும் மனித சீரம் போன்றவை உள்ளன. அவற்றில் சர்க்கரை எவ்வளவு என்பது, மூலக்கூறுகளின் எடையை வைத்தே அளக்கும் கருவியால் முடிவு செய்யப்பட்டது.

இரண்டாவது வியாதியையும், முதலாவது மறுபடி தலைகாட்டுவதையும் பிடிக்கத்தான் கண்ட்ரோல்: எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சீரத்தை ஓட்டிப் பார்ப்பது. இது வந்த கதை சுவாரசியமானது. 1947ல் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரியான சாம்பிள்களை அனுப்பி, அளந்து சொல்லச் சொன்னார்கள். திரும்பி வந்தவற்றில் ஏற்கத்தக்க பதில்களைவிட ஏற்க முடியாதவையே அதிகம். அதிர்ச்சிதான். மூன்று வருடம் கழித்து லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் ஒரு தொழிற்சாலை உத்தியைக் கடன் வாங்கினார்கள். தொலைபேசி உதிரிபாகங்களின் தரத்தைக் கண்காணிக்க 1924ல் ஷூஹார்ட் வரைந்த வரைபடம் அது. அதை லேபுக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் லேபில் அது ரீஏஜென்ட் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு கோடு, கண்ட்ரோல் சீரத்தின் சராசரி மதிப்பு. மேலும் கீழும் ஒவ்வொரு திட்டவிலக்கத்துக்கு (எண்கள் வழக்கமாக ஆடும் அளவு அது) ஒரு கோடு, மொத்தம் மூன்று மூன்று. தினமும் நோயாளி சாம்பிளைத் தொடும் முன் கண்ட்ரோலை ஓட்டி, வந்த எண்ணுக்கு ஒரு புள்ளி. மூன்றாவது கோட்டைத் தாண்டினால் அன்று ரிப்போர்ட் போகாது. இரண்டாவது கோட்டை ஒரே பக்கமாக அடுத்தடுத்து இரண்டு முறை தாண்டினாலும் போகாது. தொடர்ந்து பத்துப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், எந்தக் கோட்டையும் தாண்டாவிட்டாலும் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்: பல்பு பழசாகியிருக்கலாம், ரீஏஜென்ட் கெட ஆரம்பித்திருக்கலாம். வெஸ்ட்கார்ட் 1981ல் தொகுத்த விதிகள் இவை. நல்ல டெக்னீஷியன் அந்தப் புள்ளிகளைக் குழந்தையின் காய்ச்சல் சீட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மோசமான இடத்தில், மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது புள்ளியும் ஒரே உட்காரலில் வைக்கப்படும். மை நிறமே காட்டிக் கொடுத்துவிடும்.

சொந்தக் கண்ட்ரோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊரோடு ஒத்துப்போகிறோமா என்பது தெரியாது. அதற்கு வெளியிலிருந்து பரீட்சை வேண்டும். இந்தியாவில் பல லேப்களுக்கு அந்தப் பரீட்சையை நடத்துவது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து. மாதாமாதம் உலர்த்திய சாம்பிளைக் கரைத்து ஓட்டி, எண்ணை அனுப்ப வேண்டும். இதே முறையில் அளக்கும் மற்ற லேப்களிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோம் என்று பதில் வரும். பள்ளி ரேங்க் கார்டு வாங்கிய அதே வயிற்றுப் புளிப்போடுதான் இன்னும் அதைத் திறக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் லேபிலும் சுகருக்கு மூன்று சதவீதம் அளவில் ஆட்டம் இருக்கும். இரு பக்கமும் அதன் இரண்டு மடங்கு வரை போகலாம் என்பதால், 118 என்றால் 111 முதல் 125 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். இதோடு உடம்பின் ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும். அதே ஆள், அதே சாப்பாடு, இன்று ஒரு எண், நாளை ஒரு எண். தூக்கம் கெட்டாலும் ஏறும், சளி பிடித்தாலும் ஏறும். உடம்புக்கு ஐந்து சதவீதம் என்று வைத்து இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சுகர் எண்களுக்கு நடுவே ஏறக்குறைய 16 சதவீதம், சித்தப்பா அளவில் 19 மில்லிகிராம், வித்தியாசம் இருந்தால்தான் நிஜமாகவே மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். போன மாதம் 124, இந்த மாதம் 116, கஷாயம் வேலை செய்கிறது என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நட்பு கெட்டதுதான் மிச்சம். வீட்டு குளுக்கோமீட்டருக்கு இன்னும் தாராளம்: 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதிப்படி, 100க்கு மேல் போனால் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். உண்மை 118ஆக இருந்தால் மீட்டர் 101ம் காட்டலாம், 135ம் காட்டலாம். இரண்டும் விதிப்படி சரி.

ரிப்போர்ட்டின் வலது பக்கத்தில் இருக்கும் ‘நார்மல் ரேஞ்ச்’ பற்றியும் ஒரு வார்த்தை. சுகர், கொலஸ்டிரால் போன்ற சிலவற்றுக்குத்தான் அது நோய் ஆபத்தை வைத்துப் போட்ட கோடு. மற்ற பெரும்பாலானவற்றுக்கு, ஆரோக்கியமானவர்கள் பலரை அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் எல்லையைப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்பார். ஒன்றையொன்று சாராத இருபது டெஸ்ட்களை நல்ல உடம்புக்காரர் ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. தலை முதல் கால் வரை எழுபது டெஸ்ட், பண்டிகைத் தள்ளுபடி என்று விளம்பரம் வரும்போது இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வந்துவிடும். அந்த ‘ஆரோக்கியமானவர்கள்’ யார் என்றும் கேட்க வேண்டும். பல லேப்கள் கிட் கம்பெனியின் காகிதத்தில் உள்ள எல்லையை அப்படியே அச்சடிக்கின்றன. அதில் அளக்கப்பட்டவர்கள் வேறு நாட்டுக்காரர்களாக இருக்கலாம்.

இதனால்தான் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது என்று அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி துணைக்கு வரும். அதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறது: இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் சுகர் ஏறாமலேயே அது ஏறிக் காட்டும். நம் வீட்டுப் பெண்களின் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது ஹீமோகுளோபினையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சித்தப்பாவிடம் ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொன்னேன். முந்தின இரவு வழக்கமான சாப்பாடு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி, ரத்தம் எடுக்கிற இடத்திலேயே இயந்திரமும் இருக்கும் லேப், சாம்பல் மூடி டியூப், எடுத்ததும் சுழற்ற வேண்டும் என்று எல்லாம் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டோடு வந்தார். 123. இந்த முறை காகிதத்தை மேசையில் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே, “ரெண்டுல எதுன்னு கேட்டா, மூணாவதா ஒண்ணை வாங்கித் தர்றியேடா” என்று சொல்லிவிட்டு, சித்தி கொண்டுவந்த காபியில் சர்க்கரை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார்.